எட்டு பத்துக்கு வந்த செய்தி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. எல்லோரும் என்றால் ஆபீசில் இப்போது நான் ஒருத்திதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆகவே நான் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

நீ போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "நல்லா இருக்கோம்" என்று ஒரு வரி அனுப்புகிறாய். அந்த ஒரு வரிக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கம்பெனிக்கு ஒரு மென்பொருள் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. நான்கு இடத்தில் கட்டட வேலை நடக்கிறது. சிமெண்ட் எங்கே இறங்கியது, கம்பி எங்கே தீர்ந்தது, எந்த மேஸ்திரிக்கு எந்த வரைபடம் போனது, எல்லாம் என் தலைக்குள்ளும் ஒரு போனுக்குள்ளும்தான் இருக்கிறது. போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்று நாளும் நான்கு இடத்திலும் வேலை படுத்துவிட்டது. நீ இருந்தபோது பாதி பாரம் உன் தலையில் இருந்தது.

மூன்று கம்பெனிகளிலிருந்து வந்தார்கள். முதலில் வந்தவர் வாயை மூடவே இல்லை. திரை முழுக்கக் கலர் கலராகப் பட்டைகள். பட்டனைத் தட்டினால் கட்டடம் தானே எழுந்து நிற்கும் என்பதுபோலப் பேசினார். பின்னால் நின்று பார்த்த நம் மேஸ்திரி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, செங்கல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். இரண்டாவது ஆள் கொண்டுவந்தது நல்ல சரக்குதான். ஆனால் பெரிய கம்பெனிக்குத் தைத்த சட்டை, நமக்குத் தோளில் நிற்காது. இருந்தும் இரண்டு பேரையும் நான் சீக்கிரம் அனுப்பவில்லை. கேட்ட கேள்விகளையே திருப்பித் திருப்பிக் கேட்டு உட்கார வைத்திருந்தேன். உன் அறையைப் பூட்டிய பிறகு அங்கே மனிதக் குரல் கேட்பதே அபூர்வம், அண்ணா. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அவள் எதையும் காட்டவில்லை. "முதல்ல உங்க வேலை எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க மேடம். சைட்ல இருந்து என்னென்ன கேள்வி வருது, யாரு பதில் சொல்றாங்க? ரெண்டு வருஷத்துக் கேள்விகளை எழுதிக் கொடுங்க, அப்புறம் பேசுவோம்" என்றாள். அதற்காக ஆபீஸ் போனில் இருந்த பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தேன்.

படித்துக்கொண்டே போனதில் அந்த நாள் வந்தது. எந்த நாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

காலை எட்டு பத்துக்கு மேஸ்திரி அனுப்பியிருக்கிறார்: "அஸ்திவாரக் குழியில கிழக்குப் பக்கம் மண்ணு விரிசல் விட்டிருக்கு. பலகை வச்சு முட்டுக் கொடுத்துட்டு இறங்கட்டுமா, இப்படியே இறங்கட்டுமா?" எட்டு பன்னிரண்டுக்கு அதற்குப் பதில் போயிருக்கிறது. "சரி."

அதை அனுப்பியது நான்தான். அன்று காலை லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டே, வந்து கிடந்த பத்துப் பன்னிரண்டு செய்திகளுக்கும் வரிசையாகச் சரி போட்டுத் தள்ளினேன். ஒன்றையும் முழுதாகப் படிக்கவில்லை. அந்தச் சரியை நம்பி முட்டுக் கொடுக்காமலே இறங்கியிருக்கிறார்கள். பத்தரை மணிக்கு மண் இடிந்து நெட்டைக் கொத்தனாரின் காலை நசுக்கியது.

"என் கவனக்குறைவுதான்" என்று நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய். நானும் நம்பினேன். ஒரு மனுஷனை முடமாக்கிவிட்டு, கம்பெனியை என் தலையில் கட்டிவிட்டு ஓடுகிறானே என்று கொதித்தேன். நீ கிளம்பிய அன்று வழியனுப்பக்கூட வரவில்லை.

அந்தச் செய்தியைப் படித்த மறுநாள் மேஸ்திரியிடம் போனைக் காட்டிக் கேட்டேன். "அன்னைக்கே அண்ணன்கிட்ட காட்டினேம்மா. ஒரு நிமிஷம் பார்த்தார். நான் போட்டதுதான், இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்கன்னுட்டார்" என்றார். ஆபீஸ் போன் யார் கையில் இருக்கும் என்று உனக்கா தெரியாது?

கொத்தனார் இப்போது நம் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறார். நேரே அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில உங்க அண்ணன் பதினோரு நாள் என் பக்கத்துலயே இருந்தார். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை" என்றார். கொஞ்சம் கழித்து, "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்கும்மா முதல்ல வந்தீங்க?" என்று சொல்லிவிட்டு ஆணிப் பெட்டியை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

அந்தப் பெண்ணின் மென்பொருளைத்தான் எடுத்திருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். குழி, சாரம், மின்சாரம் பற்றிய கேள்வி வந்தால் ஒற்றைத் தட்டில் பதில் போகக் கூடாது. சைட்டிலிருந்து வரும் படத்தைப் பார்த்து, 'இறங்கலாம்' அல்லது 'நிறுத்து' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணத்தை எழுதி, கீழே பெயரையும் போட்டால்தான் போக வேண்டும். "வேலை மெதுவாகும் மேடம்" என்றாள். ஆகட்டும் என்றேன். போன வாரம் முதல் கேள்வி வந்தது. சாரத்தில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. நிறுத்து என்று எழுதிப் பெயரைப் போட்டேன்.

மன்னித்துவிடு என்று இரண்டு முறை எழுதி அடித்திருக்கிறேன், பார். அது கடிதத்தில் எழுதுகிற வார்த்தையாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி அங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டேன். வராதே என்று மட்டும் ஒரு வரி அனுப்பிவிடாதே. நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அண்ணிகூடச் சமையலறையில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் பெல் அடிக்கும்போது கதவை நீயே வந்து திற, அண்ணா.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
தங்கச்சி