அப்பா சொன்ன ‘சூயா’

அன்பு மகனுக்கு,

புந்தா அரேனாஸில் குளிர் கடுமையாமே. கம்பளிச் சட்டை போடுகிறாயா?

அப்பாவை அடக்கம் செய்த அன்றே நீ தீவை விட்டுப் போய்விட்டாய். சுக்கான் உன் கையில் இருந்தபோதுதான் படகு பாறையில் மோதியது. அவ்வளவு மூடுபனியிலும் உங்களைக் கடலுக்கு அனுப்பியவள் நான். அதை நீ ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

நேற்று சந்தையில் நர்ஸ் ஓத்திலியாவைப் பார்த்தேன். அப்பாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

“‘குற்றம் சூயா இல்ல’ன்னு சொன்னாரு, அக்கா. ஊசி போட நரம்பு கிடைக்காம தவிச்சிட்டிருந்தேன். என்னைத்தான் தேத்துறார்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல. உங்க பையன் ஊருக்கே வர்றதில்லன்னு கேட்டதும்தான் பொறி தட்டுச்சு.”

நம் ஸ்பானிய மொழி உனக்குத் தெரியாததா? உங்களுடையது, அவனுடையது, அவளுடையது எல்லாவற்றுக்கும் ‘சூயா’ ஒன்றுதான். குற்றம் என்பது பெண்பால் சொல் என்பதால் அப்படி முடிகிறது. உடையவர் ஆணா பெண்ணா என்று அது காட்டிக்கொடுக்காது.

வீடு வரும்வரை, என்னைத்தான் சொன்னார் என்று நம்பி அழுதுகொண்டே நடந்தேன். பிறகு ஓத்திலியா சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. பேசும்போது அப்பா அவளைப் பார்க்கவில்லையாம், கதவையே பார்த்தாராம். கதவுக்கு வெளியே, உள்ளே வரப் பயந்து நின்றவன் நீ.

நீ எதிரே வந்து நின்றிருந்தால் ‘சூயா’ என்றிருக்க மாட்டார். ‘துயா’ என்று உன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பார். அவருக்காக நான் சொல்கிறேன்.

குற்றம் துயா இல்லை, மகனே. உன்னுடையது இல்லை.

உன் அம்மா