ஆறாவது தூணில் ஒரு கோணல் கோடு

என் மாப்ள செந்திலுக்கு,

நாலு பேர் முன்னால் “வாங்க மாப்ள” என்றும், ஆள் நகர்ந்ததும் “டேய்” என்றும் உன்னைக் கூப்பிட்டுப் பழகியவன் நான். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், அப்புறம் என் தங்கச்சிக்குப் புருஷனானால் வேறு என்ன செய்வது? இதைப் பலர் படிப்பார்கள். பரவாயில்லை, “நீ” என்றே எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தங்கச்சி கயலுக்காக நீ மரம் செதுக்கி வைத்த தையல் கூடம் எழுந்து நின்றுவிட்டது. ஐப்பசி மழை இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

நீ கண்ணை மூடிய பிறகு அந்த மரமெல்லாம் தா.பழூரில் உன் வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு மாதம் கிடந்தது. ஆறு தூண், இரண்டு நீள உத்தரம், மற்றச் சட்டங்கள். கயலைப் பெரம்பலூருக்கே வந்துவிடச் சொல்லி அம்மாவும் அப்பாவும் கெஞ்சினார்கள். அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “அந்த ரூமு நின்னா நான் இங்கயே தச்சுப் பொழச்சுக்குவேன். மழைக்கு முன்னாடி நிக்கலன்னா வந்துடறேன்.” அவள் வர விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் வீட்டில் இருக்கத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

அதனால் நானே நிறுத்துகிறேன் என்று கிளம்பினேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இரும்பு பைப்பை வெல்டிங் வைத்தால் இரண்டே நாள், ஆறு தூணுக்கு ஆறு மாதம் உளி பிடிக்கிறவன் சிவில் படித்ததே வீண் என்று உன்னிடம் கத்தியவன் நான்தானே. “அவசரத்தையெல்லாம் ஒன் ஆபீஸோட வெச்சுக்க மச்சான்” என்று சிரித்தாய். அதற்கு நான் ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்த மாதத்தில்தான் உனக்குக் காமாலை முற்றியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு சனிக்கிழமை அரியலூரில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். கயல் அன்று பெரம்பலூரில் எங்கள் வீட்டில் இருந்தாள். மரம் கறுத்து, பூஞ்சை படிந்து கிடந்தது. அவள் திரும்பி வரும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று இரண்டு ஆட்களை வைத்து மெஷினால் எல்லாவற்றையும் தேய்த்தேன். தூணின் தலைமாட்டிலும் உத்தரத்திலும் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. அவையும் போயின. வேலை சுத்தமாக இருந்தது. டேப் வைத்து அளந்து, கம்ப்யூட்டரில் படம் போட்டு, ஒவ்வொன்றிலும் என் நம்பரை ஒட்டினேன். ஆறு தூணுக்கும் ஒரே அளவு. எது எங்கே போனால் என்ன?

ஞாயிறு காலை தரையில் கிடத்தியே சேர்த்துப் பார்த்தோம். தூணின் தலையில் நீ விட்டிருந்த கழுந்து, உத்தரத்தின் துளைக்குள் போய் உட்கார வேண்டும். முதல் தூண் பாதியில் நின்றது. இரண்டாவது நுழையவே இல்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. அரத்தை எடுத்து அந்தக் கழுந்தை நகக்கனத்துக்கு ராவினேன். உடனே நுழைந்தது. நுழைந்ததும் லொடலொடவென்று ஆடியது.

அந்த நேரம் பார்த்துக் கயல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பளபளப்பை அவள் பார்க்கவே இல்லை. தூணின் தலையைத் தடவினாள்.

“கோடெல்லாம் எங்கண்ணே?”

“எந்தக் கோடு?”

உத்தரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ உளியால் போட்ட அடையாளமாம். ஒரு கோடு போட்ட தூண் ஒரு கோடு போட்ட துளைக்கு, இரண்டு கோடு இரண்டுக்கு. “பழைய மரம்ண்ணே, ஒண்ணொண்ணும் ஒரு கோணல். அதது துளைக்குப் பாத்துப் பாத்துச் செதுக்குனாரு. எல்லாம் ஜோடி. ரெடிமேட் இல்ல.”

டிப்ளமோ படித்தவன், நான் ஒட்டிய நம்பர்களை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா?

அவள் எழுந்து உள்ளே போய், ஜாக்கெட்டுக்கு அளவு வெட்டுகிற காக்கிக் காகிதத்தையும் கத்தரிக்கோலையும் எடுத்து வந்தாள். நீயும் அவளுடைய காகிதத்தைத் திருடித்தான் துளைக்கு அளவு எடுப்பாயாம். எத்தனை தடவை திட்டியிருப்பாள். ஒவ்வொரு கழுந்தின் தலையிலும் காகிதத்தை வைத்து, விளிம்பை நகத்தால் அழுத்தி, அச்சாக வெட்டினாள். அதை ஒவ்வொரு துளையாக வைத்துப் பார்த்தாள். என் டேப்புக்குச் சிக்காத கோணலெல்லாம் காகிதத்தில் தெரிந்தது. ஐந்து ஜோடி சேர்ந்தது. ஆறாவது காகிதத்தை மிச்சமிருந்த துளையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது மட்டும் ஒக்காரல. கை வெச்சியா?”

“வெச்சேன்.”

திட்டுவாள் என்று நின்றேன். “ஒன்ன மாதிரி ஒரு ஆளு வந்துடக் கூடாதுன்னுதான் அவரு கோடே போட்டாரு” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கழுந்தின் பக்கத்தில் மெல்லிசாக ஒரு மர ஆப்பு செதுக்கி இறுக்கினோம். மூன்று முறை உடைத்து, நான்காவதைத்தான் ஒழுங்காகச் செதுக்கினேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வாரம் தூண்கள் நின்றன, அதற்கடுத்த வாரம் ஓடு ஏறியது. ஓர் இரும்பாணிகூட அடிக்கவில்லை.

நேற்று உன் உளியைக் கையில் கொடுத்துக் கோடுகளைத் திருப்பிப் போடச் சொன்னாள். என்றைக்காவது கூடத்தைப் பிரிக்கிறவன் என்னைப் போல் முழிக்கக் கூடாதாம். ஐந்து தூண்களில் நீ போட்ட மாதிரியே போட்டேன். ஆறாவதில் ஆறு கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோணல் கோட்டையும் சேர்த்தேன். அது உன் கை இல்லை, என் கை என்று பிரிக்கிறவனுக்குத் தெரியட்டும். உன் வேலையில் என் பிழை சேரக் கூடாது.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் வருவேன் மாப்ள. அந்த ஆப்பைத் தட்டிப் பார்ப்பேன். தளர்ந்திருந்தால் புதிதாக ஒன்று செதுக்குவேன், எத்தனை உடைந்தாலும் சரி. அரத்தைத் தொட மாட்டேன்.

பேசாமல் இருந்த அந்த ஒரு மாதத்தையும் சேர்த்து இன்று பேசிவிட்ட,
உன் மச்சான்,
பெரம்பலூர்.