கட்டிக்குள் இறங்காத மருந்து

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதுவது. இங்கே நான் நலம், பார்க்கிறவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு. நீயும் மாதம் ஒரு போன் பேசக்கூட மூச்சுவிட நேரமில்லாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அப்பாவின் வயிற்றுக் கட்டி விஷயம்தான். திங்கட்கிழமை முதலாவது ஊசி போட்டார்கள், கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களை அடக்குகிற மருந்தாம். முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டுமா? மெயின் வால்வை மூடியாச்சு, இனி கட்டி தாகத்தில் செத்துவிடும், வியாழக்கிழமை ஏற்றப்போகிற கீமோவால் முடி கொட்டுவதுதான் மிச்சம் என்று அவனிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். அந்த வார்டில் பாதிப்பேர் என்னை டாக்டர் என்றே நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை.

அப்புறம் டாக்டரம்மா, ஐயா கொஞ்சம் வெளியே வாங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டு ஒரு தாளில் படம் போட்டார். கட்டி தனக்கென்று அவசரத்தில் போட்டுக்கொள்கிற ரத்தக்குழாய் முழுக்கக் கோணல், முழுக்க ஓட்டை. கசிகிற நீர் உள்ளே தேங்கி அழுத்தி, வருகிற மருந்தை வெளியே தள்ளுகிறதாம். முதல் ஊசி அந்தக் குழாய்களைக் கொஞ்ச நாளைக்கு ஒழுங்காக்கத்தானாம், அந்த நாலைந்து நாளுக்குள் ஏற்றினால்தான் கீமோ உள்ளே நன்றாக இறங்குமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. படத்தில் ஒரு வளைவை நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

சிக்கல் உன் அப்பாதான். பிறந்ததிலிருந்து என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மகராசன், இந்த ஒன்றில் மட்டும் அண்ணன் சொன்னால் சரி என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வியாழக்கிழமை கீமோவுக்கு வரமாட்டேன் என்கிறான். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னால், உன்னை பயமுறுத்திட்டாங்க, நீ முதல்ல சொன்னதுதான் சரி என்று எனக்கே புத்தி சொல்கிறான். நீ சொன்னால் மறுபேச்சு பேசமாட்டான்.

தபாலை நம்பினால் ஆகாது, எதிர்வீட்டுப் பெண் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். பார்த்ததும் அவனைக் கூப்பிடு. வேளைக்குச் சாப்பிடு, கண்முழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நூறு வருஷம் நன்றாக இரு. வியாழன் காலை ஒன்பது மணி, மறக்காதே. அப்படியும் முரண்டு பிடித்தால் கீழே இருப்பதை அவனுக்கு வாசித்துக் காட்டு. இந்த மாதிரி வரியை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

தம்பி, நான் சொன்னது தப்பு. போய் மருந்தை ஏற்றிக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்