பதினான்காம் பக்கம்

16 ஜூலை 1957, செவ்வாய். காஜா பெராங்.

இன்று என் கையாலேயே வினையைத் தேடிக்கொண்டேன்.

வாசகசாலையில் பேசுவதற்காக, போலந்திலுள்ள பாரனூஃப் என்ற சிற்றூரின் வரலாற்றை நோட்டில் எழுதி வந்தேன். பழைய அரண்மனை, தூண்கள் சூழ்ந்த அதன் முற்றம், அதை ஆண்ட குடும்பங்கள். வேறொன்றுமில்லை. அது கம்யூனிஸ்ட் நாடு என்று யாரோ போலீசில் சொல்லிவிட்டார்கள்; இங்கே காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளோடு அரசாங்கம் சண்டை போடுகிற நேரம். விசாரிக்க வருகிறார்கள் என்று காலையில் தெரிந்ததும், ரஷ்யப் படை அவ்வூருக்குள் வந்ததைச் சொல்லும் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எல்லாத் தாளுக்கும் எண் போட்டிருந்தது நினைவில் இல்லை.

இன்ஸ்பெக்டர் தமிழர்தான். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சு. பதினாலு எங்க வாத்தியாரே, காட்டுக்குள்ள ஓடிருச்சா?"

"வீட்டுலதான் இருக்கும் சார். தேடிப் பார்க்கிறேன்."

"தேடுங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டாங்க. குடியுரிமை கேட்டு நீங்க எழுதிக் கொடுத்த பாரம் நம்மகிட்டதான் இருக்கு, தெரியும்ல?"

அதை மறுத்துவிட்டால் இந்த வயதில் எந்த நாட்டுக்குப் போவேன்?

சாப்பிட்ட பிறகு அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து எழுதினேன். அதே மை, அதே எழுத்து. தேடியதில் கிடைத்தது என்று கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். முடித்துப் பார்த்தால், பள்ளிக்கூடப் பழக்கத்தில் மேல் ஓரத்தில் இன்றைய தேதியைப் போட்டிருக்கிறேன்.

வேறு தாள் எடுத்தேன். பதினான்கு என்று எண் போட்டதோடு பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எரித்ததைச் சொல்ல வேண்டியதுதான். எப்படித் தொடங்குவது? 'சார், அதில் தப்பாக ஒன்றுமில்லை, பயத்தில்தான்...' இதை அவர் நம்புவாரா? நானாக இருந்தால் நம்பமாட்டேன்.