நானூறு கெஜத்தில் வெட்டிய டேப்

மே 3, ஞாயிறு

அன்புள்ள ஷெல்பிக்கு அப்பா எழுதுவது. ஏப்ரல் பதினாலு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு உன்னைப் பற்றிய சேதி வந்தது. அம்மா போனில்தான் வந்தது, சமையல்கட்டு மேடையில் கிடந்தது, இன்னும் அதற்கு தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. எல்க் மான் வேட்டை அனுமதிச் சீட்டுக் குலுக்கலில் உன் பேர் விழுந்திருக்கிறது என்று இருந்தது. ஒன்பது வருஷமாக விழாத பேர். மார்ச் ஒன்பதாம் தேதி அம்மா உட்கார்ந்து உனக்காக எழுதிப் போட்டாள், இருபத்திரண்டாம் தேதி போய்விட்டாள், அதற்கு இருபத்து மூன்று நாள் கழித்து அவள் போனுக்கு வாழ்த்துச் சொல்லி வருகிறது. அப்போதே உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன், அழுதாய், அப்புறம் சிரித்தாய். ஒகினாவா ராணுவ முகாமில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், அங்கே இப்போதே புழுக்கம் தொடங்கியிருக்கும். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேலைக்குப் போகிறேன். தண்ணீர் நிலையத்தில் மீட்டர்கள் எல்லாம் சரியாக ஓடுகின்றன, நான்தான் சில நாள் ஒரே மீட்டரை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு வருகிறேன், கூட இருப்பவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுகிறார்கள். சர்ச் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு, கோழி, நூடுல்ஸ் பதார்த்தங்கள் ஃப்ரீசர் முழுக்க இருக்கின்றன, ஒவ்வொரு தட்டின் அடியிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பேர் எழுதியிருக்கிறார்கள், யார் தட்டை யாருக்குத் திருப்பித் தருவது என்பதே ஒரு வேலையாக இருக்கிறது. வயலட் ஆன்ட்டி தட்டை வாங்கிக்கொண்டு, "உனக்கு நாப்பத்திரண்டுதானப்பா ஆகுது, கடவுள் வேற வழி வெச்சிருப்பாரு" என்றார். தட்டைக் கழுவித்தான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். குதிரைக்கு முன்னங்கால் லாடம் மாற்றியாகிவிட்டது. உன் டஸ்டின் மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான், அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போகிறான், அதுதான் அவனுக்குத் தெரிந்த ஆறுதல்.

அன்றைக்கு போனில் துப்பாக்கியைப் பற்றி மூன்று விஷயம் கேட்டாய். அம்மா துப்பாக்கி போதுமா, இல்லை உன் கூட விமானம் பழுது பார்க்கிற பையன் சொல்கிற பெரிய மேக்னம் துப்பாக்கி வாங்கட்டுமா என்றாய். அம்மா மிச்சம் வைத்த தோட்டாக்களை எடுத்து வை, அதில்தான் சுடுவேன் என்றாய். அப்புறம், "எவ்வளவு தூரம் சுடலாம்ப்பா, நீ ஒரு நம்பர் சொல்லு, ஐநூறாவது குடு" என்றாய். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதுவதற்கு இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தோட்டாவைப் பற்றி நான் சொல்வதை நீ நம்ப வேண்டியதில்லை.

போன நவம்பரில் அம்மா அடித்த ஆண் எல்க் கிடைக்காமல் போனது என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். ஏன் கிடைக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவன் நான். பேப்பர் குறியில் ஐந்து குண்டும் ஒரு காசுக்குள் அடங்கின, அந்தப் பேப்பரை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினேன். அது பந்தயக் குறிக்குச் செய்த குண்டு, விநாடிக்கு இரண்டாயிரம் அடிக்குக் குறைந்து போய் விழுந்தால் மலராது, ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும். அது எனக்குத் தெரியும். வேகத்தை ஜூலை மாதம் தொண்ணூற்றிரண்டு டிகிரி வெயிலில் அளந்தேன். அந்தக் கணக்கை வைத்து அறுநூற்றைம்பது கெஜம் வரைக்கும் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். இத்தனைக்கும் அவள் கணக்குக் கேட்டது நானூறுக்கு மட்டும்தான், நான்தான் பெருமையாக மேலே மேலே சொன்னேன். ஒவ்வொரு தூரத்துக்கும் ஸ்கோப்பை எத்தனை க்ளிக் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் வெள்ளை டேப்பில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிக்கொண்டாள். மேலே சின்ன எழுத்தில், டேரில் சொன்னது, என்று எழுதினாள்.

வேட்டையன்று பூஜ்யத்துக்கு எட்டு டிகிரி கீழே. குளிரில் வெடிமருந்து மந்தமாக எரியும். பத்தொன்பது வருஷமாக மீட்டர் சரிபார்த்துச் சோறு தின்கிறவன், வெயிலில் ஒரு கணக்கு குளிரில் ஒரு கணக்கு என்று கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவன், ஒரே நாள் அளந்த ஒரே நம்பரை என் பெண்டாட்டி கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அறுநூற்று நாற்பது கெஜம். டேப்பில் இருந்தபடியே திருப்பினாள், காற்றே இல்லை, மூச்சை அடக்கிச் சுட்டாள், அவள் பக்கம் ஒரு பிசகும் கிடையாது. குண்டு ஒரு சாண் கீழே போய் விழுந்தது, விழுந்ததும் மலரவில்லை. எல்க் ஒரு தடவை முதுகை வளைத்துவிட்டு நடந்தே மரத்துக்குள் போய்விட்டது. முதல் நாள் அம்மாவும் டஸ்டினும் கொஞ்சம் ரத்தமும் ஒரு கொத்து முடியும் பார்த்தார்கள். மறுநாள் பனி விழுந்து எல்லாம் மூடிவிட்டது. இருட்டுகிற வரைக்கும் அம்மா அந்தச் சரிவில் ஏறி இறங்கினாளாம், டஸ்டின் போகலாம் என்று சொல்லச் சொல்ல. கீழே வந்ததும் வண்டிக்குள் உட்கார்ந்து அனுமதிச் சீட்டை எடுத்துக் கத்தியால் தேதியை வெட்டினாள். வெட்டினால் அந்த வருஷத்து வேட்டை முடிந்தது என்று அர்த்தம், சீசன் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. "கெடைக்காத எல்க்குக்கு யாராவது சீட்ட வெட்டுவாங்களாக்கா, கிறுக்கா உனக்கு?" என்று டஸ்டின் கத்தினானாம். "என் குண்டுலதாண்டா செத்துச்சு, அப்ப அது என்னோடதுதான்" என்றாளாம். அதோடு துப்பாக்கியைத் துடைத்துப் பீரோவில் வைத்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்கக் கடை மாட்டிறைச்சிதான் சாப்பிட்டோம்.

என்னைத் திட்டவில்லை. அவள் திட்டினால் எனக்கு ஒரு வாரம் வீட்டில் இடம் இருக்காது, உனக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போது, "உன் கணக்கு சரிதான் டேரில், குளிருக்குத்தான் அது தெரியல" என்றாள். நான் சிரிக்கவில்லை. துடைக்க ஒரு தட்டை நீட்டிவிட்டு, "அடுத்த வாட்டி நான் கேட்டா கணக்கு சொல்லாத, வேணாம்னு சொல்லு, உனக்கு வேணாம்னு சொல்லவே வராது" என்றாள். அடுத்த வாட்டி வரவில்லை. இப்போது நீ கேட்கிறாய்.

மேக்னம் வேண்டாம். உதை அதிகம், நீ கண்ணை மூடுவாய், பதினாறு வயசில் மாமா துப்பாக்கியில் மூடினாய். அம்மாவுடைய டூ செவன்டித் துப்பாக்கியே போதும், தோளுக்குப் பழகியது. தோட்டாவுக்குக் கடையில் நாலு வகை வாங்கி வந்தேன். கல்லாவில் இருந்த பெண், "இதுல எதுப்பா உனக்கு நம்பிக்கை?" என்று கேட்டாள், "எதுலயும் இல்ல, அதான் நாலையும் வாங்கறேன்" என்றேன். பெட்டி மேல் அச்சடித்திருக்கும் வேகத்தை நம்பாதே, அது அவர்களுடைய நீளக் குழலில் அளந்தது, அம்மா துப்பாக்கிக் குழல் அதைவிட இரண்டு அங்குலம் குட்டை. நாலையும் ராத்திரி ஃப்ரீசரில் சர்ச் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொன்றாக எடுத்த கையோடு சுட்டு அளந்தேன். தேர்ந்தெடுத்தது நூற்று நாற்பது கிரெய்ன் எடைக் குண்டு, ஈயமும் மேல் தகடும் பிரியாமல் பிணைத்தது, வேகம் குறைந்து போனாலும் மலரும், எலும்பில் பட்டாலும் சிதறாது. நானூறு கெஜத்தில் தண்ணீர் கேன்களை வரிசையாக அடுக்கிச் சுட்டுப் பார்த்தேன், நாலாவது கேனில் கிடந்தது, காளான் மாதிரி விரிந்து, எடை அநேகமாகக் குறையாமல். இப்போது ஜன்னல் கட்டையில் இருக்கிறது. உனக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன், சுங்கத்தில் கேள்வி கேட்பார்கள். பேப்பர் குறியில் இது அந்தப் பழைய குண்டு போல அடங்காது. டஸ்டின் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், கோழிக்குத் தீவனம் எறிஞ்ச மாதிரி இருக்கு, இத ஃப்ரிட்ஜில ஒட்டலயா?" என்றான். எல்க்கின் நெஞ்சு ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிசு, அதற்குள் எப்போதும் விழுகிறது, அது போதும். ஒரே தயாரிப்பு எண் போட்ட ஆறு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், வேறு எண்ணோடு கலக்காதே. இரண்டு பெட்டியை வந்ததும் சுட்டுப் பழகு, நின்றுகொண்டு சுடாதே, மூட்டை மேல் வைத்து, மலையில் எப்படிப் படுப்பாயோ அப்படி.

அம்மா மிச்சம் வைத்தது பதினொன்று. அவற்றைக் கேட்காதே. எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். குண்டுகளைத் தகர டப்பாவில் போட்டேன், வெடிமருந்தை அம்மாவுடைய ருபார்ப் செடிப் பாத்தியில் தூவினேன், செடிக்கு நல்லது என்று அவளே ஒருமுறை செய்திருக்கிறாள். இந்த வாரம் சிவப்பாக முளை விட்டிருக்கிறது. அதன் தண்டை வைத்து பை பலகாரம் சுட எனக்குத் தெரியாது, வயலட் ஆன்ட்டியிடம் கேட்க வேண்டும்.

பழைய டேப்பை உரித்துவிட்டேன். கட்டையில் கோந்துத் தடம் இருக்கும், அதைத் துடைக்காதே. புது டேப் நானே எழுதினேன், நீ வருகிற நவம்பர்க் குளிருக்கு. இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு. அதற்கு அப்புறம் கத்தரித்துவிட்டேன். இந்தக் குண்டு ஐநூறிலும் மலரும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், நீயும் போனில் போட்டுப் பார்ப்பாய், சரி என்றே வரும். நானூறு கெஜத்துக்குக் குண்டு போய்ச் சேர அரை விநாடி ஆகும், எல்க் ஓர் அடி எடுத்து வைக்க அவ்வளவுதான் வேண்டும். அதற்கு மேல் தூரமாக இருந்தால் எழுந்து நட, கிட்டே போ. கிட்டே போக முடியாவிட்டால் திரும்பி வா. ஒன்பது வருஷம் கழித்து வந்த சீட்டு வெட்டாமல் வீடு வந்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் சொல்லமாட்டேன், ஃப்ரீசர் நிறைய நூடுல்ஸ் இருக்கிறது.

நவம்பரில் நான் கூட வருகிறேனா என்று கேட்டிருந்தாய். வருகிறேன், குதிரையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். உன் கம்பளிக் காலுறைகள் அம்மா மடித்து வைத்த இழுப்பறையிலேயே இருக்கின்றன, புதிது வாங்காதே. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் மாற்றுவார்கள். வேளைக்குச் சாப்பிடு, கடல் பக்கம் தனியாக நீந்தப் போகாதே. கடவுள் உன் கூடவே இருக்கட்டும், உன் கை நடுங்காமல் இருக்கட்டும், நல்லபடியாக வந்து சேர். இது உன் கைக்கு வந்ததும் நானூற்றைம்பதாவது குடுப்பா என்று கேட்கக் கூப்பிடுவாய். உன் குரல் அப்படியே அவள் குரல், கேட்டால் கொடுத்துவிடுவேன். அதனால் இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்ததும் என் போனை அணைத்து வைக்கப் போகிறேன். அம்மா போனிலும் கூப்பிடாதே, அதையும் இப்போதுதான் அணைத்தேன்.

அப்பா
டேரில்