அம்சவல்லி ஓட்டிப்போன இரண்டு நாள்

சிங்கப்பெருமாள் துணை

ஒரகடம்
29.12.91

அன்பு மகன் ரகுபதிக்கு அம்மா கோவிந்தம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அம்சவல்லி, பிள்ளைகள் இரண்டு, கொட்டகையில் இருக்கும் கன்றுக்குட்டி வரைக்கும் எல்லோரும் சௌக்கியம். ஷார்ஜாவில் உனக்கும் உன்னோடு ரூமில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தலைவலிகூட வரக்கூடாது என்று சனிக்கிழமை தோறும் பெருமாளிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் மகன் விமல் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கி வகுப்பில் முதலாவதாக வந்தான். காஞ்சிபுரத்தில் நடந்த ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், முதலாவது வந்த பையன் இவனைவிட ஒரு முழம் உயரமாம், அதனால் இதுவும் முதல் பரிசு மாதிரிதான் என்று வாத்தியாரே சொன்னார். உன் மகள் பூஜா ஆண்டு விழாவில் மயில் வேஷம் கட்டி ஆடினாள், பாதி ஆட்டத்தில் தோகை அவிழ்ந்து விழுந்துவிட்டது, குழந்தை அழவே இல்லை, தோகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மீதியையும் ஆடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள், ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று கை தட்டினார். உன் அக்கா லீலாவின் மகள் உமாதேவி டைப்ரைட்டிங் லோயரில் முதல் வகுப்பு. கடைசியாக இன்னொரு ஆளும் நம் வீட்டில் பாஸ் செய்திருக்கிறது. அது உன் பெண்சாதி அம்சவல்லி. செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் முதல் தடவையிலேயே பாஸ் செய்து டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

உட்கார்ந்து படி, கோபப்படாதே. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அம்சவல்லி துணைக்கு வருகிறாள் என்று ஆடி மாதத்திலிருந்து உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா, என் கண்ணில் ஒன்றும் இல்லை ரகு. இரண்டு பேரும் போனது டிரைவிங் ஸ்கூலுக்கு. அவள் ஓட்டப் போவாள், நான் அந்த ஸ்கூல் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு அவள் திரும்பி வரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துணைக்குப் போனவள் நான்தான். நீ பயந்துபோய் என் கண்ணுக்கு என்று தேடி வாங்கி அனுப்பினாயே ஒரு கறுப்புக் கண்ணாடி, அதைப் பிரித்துப் பார்த்த அன்றைக்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், தைரியம் வரவில்லை. அந்தக் கண்ணாடியை இப்போது எதிர்வெயிலில் ஓட்டும்போது அவள் போட்டுக்கொள்கிறாள். பொய் சொன்னது தப்புதான், ஆனால் யோசனை என்னுடையது, அவளைத் திட்டாதே. போன லீவில் நீ வந்திருந்தபோது, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்டதற்கு, "நீ வூட்ட பாத்துக்கோ, ஸ்டீரிங்க நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாய். அன்றைக்கு அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. உன் விமானம் கிளம்பின மறு வாரமே உன் அப்பாவிடம் சொல்லி டிராக்டரில் ஏற்றினேன், அறுத்த வயலில் ஓட்டிப் பழகினாள். அப்பா வரப்போரமாக நின்று சிரித்துக்கொண்டே, இவள் ரகுவைவிடத் தேவலை, அவன் முதல் நாளே வேப்பமரத்தில் விட்டான் என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வேனை ஓட்டிக்கொண்டிருந்த தாவீது கார்த்திகையில் அந்த வேலையை விட்டுவிட்டு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்துவிட்டான், அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, குறை சொல்ல முடியாது. நீ அதைக் கேட்டதும் வேனை விற்றுவிடச் சொல்லி அப்பாவுக்கு எழுதிவிட்டாய். குன்றத்தூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, தை முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். உன் வார்த்தையை மீறி அப்பா எதுவும் செய்யமாட்டார். அம்சவல்லி அன்றைக்கு வேனைக் கழுவினாள், அவ்வளவுதான். உனக்கு எழுதும் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டாள், எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எழுதுகிறேன். அந்த வேனை விற்கலாமா கூடாதா என்று நீ முடிவு செய்வதற்கு முன்னால் இந்த இரண்டு நாள் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் இருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்கும் வேடந்தாங்கலுக்கும் கூட்டிப்போவதாக மே லீவிலேயே சொல்லி வைத்திருந்தோம். ஸ்ரீபெரும்புதூரில் அந்தத் துக்கம் நடந்தபிறகு பஸ்ஸும் இல்லை, ரோடெல்லாம் போலீஸ், எல்லாம் நின்றுபோனது. அரைப்பரீட்சை லீவு விட்டதும் பூஜா காலையில் எழுந்தால் இதே பேச்சு. லீவு நாளில் டிரைவர் ஒருவரும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் நான் புளிசோறு கட்டிக்கொண்டிருக்கும்போது அம்சவல்லி வந்து, "அத்த, நானே ஓட்டட்டுமா" என்றாள். உன் அப்பா போய் நாலு எலுமிச்சம்பழம் எடுத்துவந்து நாலு சக்கரத்தின் கீழும் வைத்தார். ஒரகடத்திலிருந்து படப்பை வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவே இல்லை, படப்பைக்கு அப்புறம் மூடவே இல்லை. மறைக்காமல் சொல்கிறேன், தாம்பரம் ரயில்வே கேட்டில் வண்டி இரண்டு தடவை ஆஃப் ஆகிப் போனது, பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது, ஒரு லாரிக்காரன் தலையை நீட்டி, "தாயே, கோலம் போடற எடமா இது" என்றான். அம்சவல்லி கண்ணாடியில் அவனைப் பார்த்து, "போட்டு முடிச்சிட்டேன், நீ அழிக்காம வா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள் பார், விமல் குதித்துக் குதித்துச் சிரித்தான்.

பூங்காவைப் பற்றி எழுத இந்தப் பேப்பர் போதாது. ஏழு மாடி உயரத்துக்கு ராட்டினம், முன்னும் பின்னும் ஆடும் கப்பல், சின்ன ரயில், பேய் வீடு. பேய் வீட்டு வாசலில் மணி தொங்குவதைப் பார்த்து உன் அப்பா செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், வெளியே வரும் வழி வேறு பக்கம், வெறுங்காலோடு வெயிலில் சுற்றிவந்து தேடினார், பேய்க்குப் பயப்படாத மனிதர் அந்தச் செருப்புக்குப் பயந்துபோனார். அப்புறம் டேஷிங் கார். உனக்குத் தெரியாமல் இருக்காது, ரப்பர் கட்டிய குட்டி கார்கள், ஒன்றோடு ஒன்று மோதி விளையாட வேண்டும். பூஜாவை மடியோரம் உட்காரவைத்துக்கொண்டு அம்சவல்லி ஒன்றில் ஏறினாள், அப்பாவும் விமலும் ஒன்றில், தனியாக ஒன்றில் நான். எல்லோரும் இடித்துக்கொண்டு கூச்சல் போடுகிறார்கள், இவள் மட்டும் ஓரமாக, ஒரு காரைக்கூடத் தொடாமல், திரும்பும்போது கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்புகிறாள், குறுக்கே வருகிறவனுக்கு நின்று வழி விடுகிறாள். அதை ஓடவிடுகிற பையன் ஓடிவந்து, "யக்கா, இது இடிக்கிற வண்டிக்கா. இட்சிக்கினே இருக்கணும். நீ இன்னா மவுண்ட் ரோட்ல போறாப்ல கையி காட்டிக்கினு கீற" என்றான். அதற்கு அவள், "வழியில போறவங்கள நான் ஏம்பா இடிக்கணும்" என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். நான் அப்படி இல்லை, ஸ்டீரிங் கைக்கு வந்ததும் உன் அப்பா காரை மூன்று தடவை நேராகப் போய் இடித்தேன். "இன்னாடி, வேணும்னே தேடிக்கினு வந்து இட்சிக்கிற" என்று அவர் கத்தினார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவ்வளவு சிரித்ததில்லை. ஆனால் இறங்கும்போது எனக்குத் தோன்றியது, இடித்தால்தான் விளையாட்டு என்று சொல்லிக் கொடுத்த இடத்திலும் இடிக்காத பெண், நிஜ ரோட்டில் யாரை இடிக்கப் போகிறாள்.

சாயங்காலம் மகாபலிபுரம் வழியாகத் திருக்கழுக்குன்றத்தில் லீலா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். உன் அக்கா புருஷன் வரதராஜன் மாப்பிள்ளையைத்தான் உனக்குத் தெரியுமே. வேனுக்குள் எட்டி எட்டிப் பார்த்து, "மாமா, டிரைவர் எங்க, பின்னாடி சீட்ல தூங்கிக்கினு கீறானா" என்றார். விஷயம் தெரிந்ததும், "நாளைக்கு ஏரிக்கரை ரோடெல்லாம் வருது அத்த, பொம்பள கையில வுடாதீங்க" என்று சாப்பிடும்போது மூன்று தடவை சொன்னார். அவருக்கு ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டர் ஒன்றுதான். அம்சவல்லி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ரசம் பரிமாறினாள்.

மறுநாள் லீலா குடும்பமும் ஏறிக்கொண்டது. வேடந்தாங்கல் ஏரியில் மரமே தெரியவில்லை ரகு, அவ்வளவு பறவை. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் என்று விமல் ஒவ்வொன்றாகப் பேர் சொன்னான். எந்தெந்த தேசத்திலிருந்தோ பறந்து வருகிறதாம், ஒரு குஞ்சு தாய்ப்பறவையின் வாய்க்குள் தலையையே விட்டுத் தின்கிறது. அங்கிருந்த வாட்ச்மேன், கரிக்கிலி ஏரியில் வாத்துக் கூட்டம் இறங்கியிருக்கிறது, பக்கம்தான் என்றார். பார்த்துவிடலாம் என்று பிள்ளைகள் குதித்தன. வண்டி நம்முடையது, ஓட்டுகிறவள் நம்மவள், யாரையும் கேட்க வேண்டியதில்லை, திருப்பினாள். ஒரு ஏரிக்கரையில் ஏறினோம், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் நெல் வயல், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். பாதியில் எதிரே படாளம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு மூன்று மாட்டுவண்டி வரிசையாக வந்து நின்றன. பாரம் ஏற்றின மாட்டைப் பின்னால் தள்ள முடியாது, அது உனக்கே தெரியும். முன்வண்டிக்காரர், "டிரைவரே, ரிவர்ஸ் எட்து மதகாண்ட ஒதுங்கு" என்று கத்தியவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஐயே, பொம்பளயா" என்று மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார். மதகு நாங்கள் தாண்டி வந்த வளைவுக்கு அந்தப் பக்கம், நம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு தூரம் இருக்கும். வரதராஜன் குதித்து இறங்கிப் போய், ரைட்ல ஒடி, லெப்ட்ல ஒடி என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். அம்சவல்லி, "அண்ணா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. மாமா மட்டும் பின்னால நின்னு கைய தூக்கினா போதும்" என்றாள். பிள்ளைகளை லீலாவோடு இறக்கிவிட்டாள். நீங்களும் இறங்குங்க அத்த என்றாள். நான் இறங்கவில்லை. நீ ஓட்டு, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து சீட்டிலேயே இருந்தேன். வண்டி பின்னால் நகர்ந்தது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, வயலைப் பார்க்கவில்லை, அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு நிதானம். வளைவில் ஒரு இடத்தில் நின்று, மூச்சு விட்டு, கொஞ்சம் முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் விட்டு மதகில் ஒதுக்கி நிறுத்திவிட்டுத்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பதினைந்து வருஷமாக லாரியும் டிரெய்லரும் ஓட்டுகிறவன் நீ, அந்தக் கரையில் அந்த வளைவில் ரிவர்ஸ் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வண்டியும் தாண்டிப் போகும்போது முன்வண்டிக்காரர் நாலு கரும்பை உருவி ஜன்னல் வழியாக நீட்டி, "இந்தாம்மா டிரைவரம்மா, புள்ளைங்களுக்குக் குடு" என்றார். அந்தக் கரும்பைத் திருக்கழுக்குன்றம் போகும்வரை தன் மடியிலேயே வைத்திருந்தவர் வரதராஜன், தெருவில் இறங்கினதும் கேட்காதவர்களிடம் எல்லாம், "எங்க மச்சான் சம்சாரம் ஓட்டிச்சு, எங்க மச்சான் சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று நம் தெருக்கோடி ஏலவார்குழலி வந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனிக்குப் போகிற பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் பதினொரு பேர் இருக்கிறார்களாம், ஷிப்டுக்கு நேரத்தில் பஸ் இல்லாமல் அவதிப்படுகிறார்கள். "அம்சா அக்கா ஓட்டிக்கினு வந்தா எங்க வூட்ல ஓ.டி.க்குக்கூட வுடுவாங்க ஆயா" என்றாள். அம்சவல்லி வேன் பக்கம் திரும்பி உன் படத்தைப் பார்த்தாள். நீ முதல் தடவை போகும்போது படப்பை ஸ்டுடியோவில் எடுத்த படம், வேனில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாயே, அதுதான். வெயில் பட்டுப் பட்டுப் பாதி முகம் வெளுத்துவிட்டது, மீசை மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. தூக்கக் கலக்கத்தில் டிரெய்லரை எடுக்காதே, சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் சரி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கண்ணைப் பற்றிப் பொய் எழுதினதற்கு அம்மாவை மன்னித்துவிடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். விற்க வேண்டாம் என்று நீ உன் கையால் எழுதுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும், போன லீவில் சொன்ன வார்த்தை இருக்கிறது அல்லவா, அதனால் எழுதவே வேண்டாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்து, அவள் பேருக்குத் தபாலில் அனுப்பு. வந்தால் அதை ஸ்டீரிங்குக்கு நேராக ஒட்டிக்கொண்டு அவள் வண்டியை எடுப்பாள், குன்றத்தூர்க்காரருக்கு அப்பா சொல்லிக்கொள்வார். தை முடிவதற்குள் வந்து சேரும்படி அனுப்பு, சிரித்த முகமாக எடுத்து அனுப்பு.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணி இருக்கும் அம்மா
எ. கோவிந்தம்மா