நாலாவது பிளக்

மார்ச் 3

கோபம் ஆறாத வீட்டுக்காரருக்கு,

நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது இன்னொரு வசதி.

நம் மினி லாரி ஒரு வாரமாக முக்கி முனகுகிறது. வாடகை நாற்காலிகளை நேரத்துக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. வாசலிலேயே நிறுத்தி, எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் நானே மாற்ற இறங்கிவிட்டேன். மூன்று கழன்றுவிட்டன. நாலாவது அசைய மாட்டேன் என்கிறது. இறுக்கியது யார் என்று நான் கேட்கவில்லை. ஸ்பேனரில் நீளப் பைப்பைச் செருகி அதன்மேல் ஏறி நின்றது நானில்லை.

அன்றைக்கு நீங்கள் அப்படி இறுக்கியதில் ஒரு பிளக்கின் பீங்கான் உடைந்தபோது, பக்கத்து வீட்டார் முன்னால் நான் சிரித்தது தப்புதான். அதற்காகப் பத்து நாள் அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்று போனவர், இரண்டு மாதமாகவா திரும்பாமல் இருப்பது? போகும்போது சர்க்கரை டப்பாவையும் இறுக்கி மூடிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

கையில் கிரீஸோடு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 7

லாரி முதலாளியம்மாவுக்கு,

நான் நலம். பிளக்கை லூசாக விட்டால் எகிறிப் போய்விடும், தெரியுமா? அந்த நாலாவதை என் கையைத் தவிர வேறு எந்தக் கையாலும் கழற்ற முடியாது. எழுதி வைத்துக்கொள். டப்பா மூடியைத் துணி சுற்றித் திருகு.

இங்கே எனக்கு ராஜ உபசாரம். என்ன, சமையலறைக் குழாய் சொட்டுகிறதே என்று லேசாக இறுக்கினேன், கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணி பேசுவதில்லை. அண்ணன் மட்டும் தினமும், "உங்க பக்கம் பஸ் எல்லாம் ஒழுங்கா ஓடுதாப்பா?" என்று விசாரிக்கிறார்.

கூப்பிட்டால் வருவேன் என்று நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
இறுக்கியவன்

மார்ச் 11

அன்புள்ள பலசாலிக்கு,

நீங்கள் சொன்னதுதான் சரி. எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தும் அது அசையவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இறுக்கினவரையே கூட்டிட்டு வாங்கம்மா" என்று கையை விரித்துவிட்டார். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நூறு நாற்காலி போயாக வேண்டும்.

பிளக்குக்காகத்தான் கூப்பிடுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 15

லாரி முதலாளியம்மாவுக்கு,

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பிளக்குக்காகத்தான். அதுவரை யாரும் எஞ்சினைத் தொடக் கூடாது. பைப்பை எடுத்து வை.

அண்ணி இன்று பேசினார். வழிக்குச் சாப்பாடு கட்டித் தருகிறாராம்.

நான்தான்

மார்ச் 19, ஞாயிறு
கதவிடுக்கில்

வந்து நிற்பவருக்கு,

லாரியைக் காணோமே என்று பதற வேண்டாம். நாற்காலி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். சாவி வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது பிளக் ஒன்பதாம் தேதியே கழன்றுவிட்டது. எண்ணெய் ஊறியபின் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று ஆட்டிக் கொடுத்தேன், வந்துவிட்டது. இப்போது நாலும் புதுசு. எஞ்சின் ஆறியிருக்கும்போது விரலாலேயே கடைசிவரை திருகி, வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் ஒரு அரைச் சுற்று. அவ்வளவுதான். ஒன்றும் எகிறவில்லை.

மெக்கானிக் வரவே இல்லை. உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வருவதற்கு உங்களுக்கும் ஒன்று வேண்டியிருந்தது, இல்லையா? நீங்கள் இல்லாமல் எனக்கு இங்கே இருப்பே கொள்ளவில்லை.

கோபம் வந்தால், திரும்பிப் போகிற பஸ் பன்னிரண்டு மணிக்கு. பைப்பைத் தேட வேண்டாம், துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

போவதானாலும் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். அது நிஜமாகவே திறக்கவில்லை. துணி சுற்றியும் பார்த்தாயிற்று. இரண்டு மாதமாகச் சர்க்கரை இல்லாத டீதான் குடிக்கிறேன். கடையில் வேறு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

பன்னிரண்டுக்கு முன்னாலேயே வந்துவிடப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி